‘காலமானார்’ என்று எழுதியிருந்த கட்டம்

1

இந்தக் கதை ஒரு ஒன்பதிலிருந்து பிறந்தது. பத்துக்கு ஒன்பது. அதைப் போட்டது நான்தான்.

ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். விண்ணப்பத்தோடு பிள்ளைகள் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘என்னை உருவாக்கியவர்’. அதைப் படித்து மதிப்பெண் போடுவது என் வேலை. வருடத்துக்கு அறுநூறு கட்டுரைகள். அறுநூறு பேருடைய அப்பா, அம்மா, சித்தி, மாமா எல்லாரையும் எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

(கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை அடித்தேன். இரக்கம் சம்பாதிக்க எழுதியது போல இருக்கிறது. ஆனால் டம்ளர் அங்கேதான் இருந்தது. இருக்கட்டும்.)

இதையெல்லாம் யாரிடமாவது வாயால் சொல்லியிருந்தால் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

2

முதலில் கதையை இப்படி ஆரம்பித்தேன்: ‘ஊசி விரலுக்குள் இறங்கியபோது அப்பா கத்தவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார்.’

நல்ல ஆரம்பம். ஆனால் என்னுடையது இல்லை. நான் ஒன்பது போட்ட பெண்ணின் கட்டுரையில் முதல் வரி அது. திருடப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

அவளுடைய அப்பா தையல் மெஷின் மெக்கானிக். ஓடுகிற மெஷினில் இடதுகை ஆள்காட்டி விரல் மாட்டி, நகம் இரண்டாகப் பிளந்து, அப்படியே இரண்டாக வளர்ந்துவிட்டது. அவளுக்குப் பதினோரு வயதானபோது, கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். ‘எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் அந்த நகத்தைத் தொட்டுப் பார்த்தேன்’ என்று முடித்திருந்தாள். நான் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒன்பது போட்டேன்.

விண்ணப்பத்தில் ‘தந்தை’ என்ற கட்டத்தில் அவர் பெயர். பக்கத்தில் ‘காலமானார்’. பெற்றோரில் ஒருவரை இழந்தவர்களுக்கு எங்கள் கல்லூரி ஐந்து மதிப்பெண் கூடுதலாகத் தரும். சான்றிதழ் கேட்பதில்லை, கையெழுத்துப் போட்டால் போதும். துக்கத்தில் இருப்பவர்களை அலையவிடக் கூடாது என்று யாரோ நல்ல மனதோடு கொண்டுவந்த விதி. அந்த ஐந்தைச் சேர்த்தபோது, தேர்வானவர்கள் பட்டியலின் கடைசி இடத்தில் அவள் வந்து நின்றாள்.

3

கீழ் வீட்டுக்காரரை அறிமுகம் செய்ய மூன்று நாள் திண்டாடினேன். முதல் பிரதியில் அவரைக் குடிகாரர் ஆக்கினேன். அப்படிச் செய்தால் அவளுடைய பொய்க்கு ஒரு நியாயம் கிடைக்கும். அடுத்த பிரதியில் பரம சாது ஆக்கினேன். இரண்டையும் கிழித்தாயிற்று. அவர் குடிப்பதில்லை. ரேடியோவை மட்டும் ஊருக்கே கேட்கும்படி வைப்பார். மூன்று வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் “தண்ணி வருதா?”, “வருது” என்பதோடு சரி.

பட்டியல் தயாரான வாரம், ஞாயிற்றுக்கிழமை, அவர் கதவைத் தட்டினார்.

“மேடம், இது உங்க லெட்டர். தெரியாம என் பெட்டியில போட்டுட்டாங்க.”

நீட்டிய இடதுகையில் ஆள்காட்டி விரல் நகம் இரண்டாக இருந்தது.

எனக்குத் தலை—

(வேண்டாம். தலை சுற்றவில்லை. கடிதத்தை வாங்காமல் நின்றேன். அவ்வளவுதான்.)

“விரல்ல என்ன ஆச்சு?” என்றேன்.

“இதுவா? மெஷின் ஊசி ஏறிடுச்சு. பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா. பயந்துடப் போறாளேன்னு சிரிச்சே சமாளிச்சேன்.” பிறகு, கேட்காமலே சொன்னார்: “கவர்ல உங்க காலேஜ் பேரைப் பாத்தேன். அங்கதான் அவளும் அப்ளிகேஷன் போட்டிருக்காளாம். அவ மாமா சொன்னாரு. நானும் அவங்க அம்மாவும் பிரிஞ்சு ஆறு வருஷம் ஆகுது. இந்தப் பக்கம் வராதீங்கன்னாங்க. சரின்னுட்டேன்.”

“ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கலையா?”

“போய் நின்னா அவளுக்குத்தானே சங்கடம்?”

சீட் கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

4

மறுநாள் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கட்டத்தில் இருந்த பெயர்தான் கீழே தபால் பெட்டியிலும் இருந்தது.

தெரிந்தவர் சம்பந்தப்பட்ட கோப்பு வந்தால் வேறொருவரிடம் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மாற்றவில்லை. நேர்மையைப் பற்றிக் கதை எழுதுகிறவள் இதை மறைக்கக் கூடாது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, எனக்குத் தெரிந்த ஒரு ஆள் ஒரு கோப்புக்குள் இருந்தார். கைமாற்ற மனம் வரவில்லை.

அவளுக்கு அடுத்து, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்த பெண்ணின் கட்டுரையையும் எடுத்தேன். தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வருகிறவள். தன்னை உருவாக்கியவர் பஸ் ஓட்டுநர் என்று எழுதியிருந்தாள்; தான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தால் நிறுத்துவாராம். ஏழு எழுத்துப்பிழை. அழகாக ஒரு வரிகூட இல்லை. நான் போட்டிருந்தது நான்கு.

மறுபடி படித்தேன். ‘உட்கார இடம் கிடைத்தால் கணக்குப் போடுவேன். கிடைக்காவிட்டால் மனப்பாடம் செய்வேன்.’ இந்த வரியை முதல் தடவை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. பதிவான மதிப்பெண்ணை மாற்ற முடியாது. நான்கு நான்காகவே இருந்தது.

5

விவரம் சரிபார்க்க என்று, நகத்தைப் பற்றி எழுதிய பெண்ணை அழைத்தேன். தனியாக வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் அழவில்லை.)

“கட்டுரை ரொம்ப நல்லா இருந்துதும்மா.”

“தேங்க்ஸ் மேடம்.”

“அப்பா எப்படித் தவறினார்?”

“எழுதியிருக்கேனே மேடம்.”

“அவரு என் வீட்டுக்குக் கீழதான் குடியிருக்காரு.”

சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “நல்லா இருக்காரா?”

“இருக்காரு.”

“அஞ்சு மார்க்குக்காக மட்டும் எழுதல மேடம். ஸ்கூல்லயே அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். இறந்துட்டாருன்னா யாரும் மேல எதுவும் கேக்க மாட்டாங்க. விட்டுட்டுப் போயிட்டாருன்னா, ஏன், எங்கன்னு கேட்டுட்டே இருப்பாங்க.” “மார்க்குக்காகவும்தான்” என்று சேர்த்துக்கொண்டாள்.

விண்ணப்பத்தையும் திருத்தப் படிவத்தையும் அவள் முன்னால் வைத்தேன். சொல்லத் தோன்றிய வாக்கியங்கள் எல்லாம் கட்டுரைகளில் படித்தவையாக இருந்தன.

பேனாவை எடுத்தாள். ‘காலமானார்’ மேல் ஒரு கோடு இழுத்தாள்.

“இதுக்குப் பதிலா என்ன போடணும் மேடம்?”

“இருக்கிறார்னு போடும்மா.”

போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

“இப்ப சீட் போயிடும்ல?”

“போயிடும்.”

“சரி. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் என்ன எழுதினேன்னு.”

“சொல்ல மாட்டேன்” என்றேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி, “நகம் இன்னும் அப்படியே இருக்கா?” என்று கேட்டாள். தலையாட்டினேன்.

6

ஐந்து மதிப்பெண் கழிந்தது. பஸ் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. நியாயம் நடந்தது என்று எழுதி முடித்துவிடலாம். ஒரு பிரதியில் அப்படித்தான் முடித்தேன். இன்னொன்றில் கல்லூரி அவளுடைய நேர்மையை மெச்சி ஒரு இடம் கூடுதலாக உண்டாக்கியது. எங்கள் கல்லூரியை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். உண்மையில், அவள் வேறொரு கல்லூரியில், தான் கேட்காத பாடத்தில் சேர்ந்துவிட்டாள். என்னுடைய ஒன்பதால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படியேறும்போது அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ரேடியோவை அணைத்திருந்தார்.

“பொண்ணுக்கு அங்க கிடைக்கலையாமே மேடம்.”

“மார்க் கொஞ்சம் குறைஞ்சுபோச்சுங்க.”

“பரவால்ல. எங்க படிச்சாலும் படிச்சுடுவா.” கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கட்டுரை ஒண்ணு எழுதணுமாமே. நீங்கதான் படிப்பீங்களாம்.”

“ஆமா.”

“சின்ன வயசுலயே நல்லா எழுதுவா.” சிரித்தார். “என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருந்தாளா?”

எழுதவில்லை என்று சொன்னால் நான் கொடுத்த வாக்கு நிற்கும். ஆனால் ஆறு வருடப் பிரிவோடு இன்னும் ஒரு பாரத்தை அவர் தலையில் வைத்தவள் ஆவேன். எழுதியிருந்தாள், உங்கள் விரலைப் பற்றி, படித்துவிட்டு அழுதேன் என்று சொன்னால் அதுவும் உண்மைதான். ஆனால் அடுத்து அவர், அந்தக் கட்டுரையை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்பார். மூன்றாவதாக ஒன்று—

எழுத வரவில்லை.

கதையில் அவர் இன்னும் படிக்கட்டில்தான் நிற்கிறார். நான் இரண்டு படி மேலே, கையில் சாவியோடு. அறுநூறு பேருக்குத் தயங்காமல் மதிப்பெண் போட்டவளுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம், அவருக்குக் கேட்டுவிடும்.