மேற்குக் கரையின் செம்மண்

"எங்க புடிச்ச?" என்று கேட்டேன்.

அப்பாவின் கத்தி நின்றது. எங்கள் வீட்டில் கவர்னரைத் திட்டலாம், பாதிரியாரைத் திட்டலாம், அப்பா போடும் காப்பியைக் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளிக்கலாம். இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது. பொறி வைக்கிற ஆளிடம் இடம் கேட்பது அவனை நடுத்தெருவில் நிறுத்தித் துணியை அவிழ்ப்பது மாதிரி. ஏழு வயதில், தேவாலய வாசலில், பத்துப் பேர் காதில் விழ இதையே கேட்டேன். ஞாயிறு தொடங்கி புதன் வரை அப்பா என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கும் அந்த இடங்கள் தெரியாது. பனியில் வண்டி புதைந்து இவர் திரும்பாமல் போனால் எந்தத் திசைக்கு ஆள் அனுப்புவது என்றே தெரியாமல் இருபத்தாறு குளிர்காலமாக அவள் சூப்பைச் சூடாக வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறாள்.

"காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா மேடம்?" என்றார் டெல்மர் சித்தப்பா. கொட்டகை மூலையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கட்டைமேல் கிடந்த கொயோட்டி நரியின் தோலில் கொழுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நீ கொழுப்பச் சுரண்டு. நான் எங்கப்பாகிட்ட பேசுறேன்."

"கொழுப்பு எங்க இருக்குன்னுதான் பாக்குறேன்."

மேசைமேல் காட்டுப்பூனை கிடந்தது. குட்டை வால், காது நுனியில் கறுப்பு முடி, வெள்ளை வயிற்றில் மை தெறித்த மாதிரிப் புள்ளிகள். ஆண். நல்ல பெரியது. அப்பா அதை வயிற்றிலிருந்து கழுத்து வரை சீப்பால் சீவி, ஒட்டுமுள் ஒன்று விடாமல் எடுத்திருந்தார். பக்கத்தில் வனவிலங்குத் துறையின் தாள். மேலே என் பெயர், ஷெல்பி ஹால்வர்சன், அப்பாவின் கோணல் எழுத்தில். கையெழுத்துப் போட வேண்டிய இடமும், பிடித்த இடத்தை எழுத வேண்டிய கட்டமும் காலியாக இருந்தன.

ஒரு ஆளுக்கு இத்தனை பூனைதான் என்று உண்டு. அப்பாவின் பங்கு கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. என் பங்கு அப்படியே கிடக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து வருஷம் தவறாமல் எனக்கும் அவரே லைசென்ஸ் வாங்கிவிடுவார். பிறந்தநாளை மறந்தாலும் அதை மறந்ததில்லை. அது போக, ஓடைக்கு மேற்கே இந்தக் குளிர்காலத்துக்குப் பூனை பிடித்தது போதும் என்று போன செவ்வாய்க்கிழமையே மூடிவிட்டார்கள். கிழக்கே இன்னும் திறந்திருக்கிறது.

"ஓட பேரு, மேட்டு பேரு எதுவும் வேணாம். மேக்கா கெழக்கா, அத மட்டும் சொல்லு."

"கெழக்குன்னு எழுது."

"எழுதுறதக் கேக்கலப்பா. புடிச்சதக் கேக்குறேன்."

"பூனைக்கே தெரியாது புள்ள," என்றார் சித்தப்பா. "ஓட ஒறஞ்சி கெடக்கு. இப்பிடி நடந்து போவுது, அப்பிடி நடந்து வருது. அதுகிட்ட போயி மேப்பக் காட்டுவியா?"

நான் பூனையின் பின்னங்காலைத் தூக்கினேன். விரல்களைப் பெருவிரலால் விரித்து, அந்தத் தாளின்மேல் தட்டினேன். மிளகாய்த் தூள் மாதிரி கொஞ்சம் உதிர்ந்தது. ஓடைக்கு மேற்கேதான் நிலக்கரி எரிந்து சிவந்த பாறையின் செம்மண். கிழக்கே, ஈரமானால் பூட்ஸை விடாத சாம்பல் களிமண். மற்றவர்கள் பொறியை மறைக்க வீட்டிலிருந்தே மண் கொண்டுபோவார்கள். அப்பா அந்தந்த இடத்து மண்ணையே சலித்துப் போடுவார், வேற்று மண்ணைப் பூனை மோந்தே கண்டுபிடித்துவிடும் என்று. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. முடியைச் சீவியவர் பாதத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

அப்பா அந்தச் சிவப்பையே பார்த்தார். அப்புறம் துணியை எடுத்துக் கத்தியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கொயோட்டிக்கு வெச்சதுல வந்து மாட்டிக்கிச்சு. நான் என்ன கூப்புட்டனா?"

"விட்டிருக்கலாம்ல?"

"முன்னங்காலப் பாரு. மூணு கால்ல பட்டினி கெடந்து சாவணுமா?"

"அப்ப ஃபோன் பண்ணிச் சொல்லணும். அவங்க வந்து எடுத்துக்குவாங்க."

"எடுத்துட்டுப் போயி ஃப்ரீசர்ல போடுவாங்க. எதுக்கு? எலி கடிக்கவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எரிச்சலே அதில்தான். அப்பா கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம்.

இதற்கு முன் மூன்று தாள்களில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், காலணியைக் கழற்றுவதற்குள், ஒரு தாளை நீட்டுவார். இடம் காலியாக இருக்கும். கேட்கக் கூடாது, கேட்டதில்லை. பூனையின் தாடையைத் துறைக்கு அனுப்ப வேண்டும், பல்லை வைத்து அதன் வயதைப் பார்த்து, பிடித்தவருக்குக் கடிதம் போடுவார்கள். நான் கண்ணால் பார்க்காத பூனைகளின் வயது என் விடுதி முகவரிக்கு வந்தது. ஒன்றுக்கு மூன்று வயது. ஒன்றுக்கு இரண்டு. மூன்றாவதற்குப் பதினொன்று. பதினொரு குளிர்காலம் எல்லாப் பொறியையும் தாண்டி வந்த கிழவி, என் பெயரில் செத்திருக்கிறாள்.

கடைசி வருஷம் வகுப்பில் எங்கள் பேராசிரியை மாவட்டத்தின் வரைபடத்தைத் திரையில் போட்டார். எங்கே பூனை கிடைத்ததோ அங்கே ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. "ஓடைக்குக் கிழக்கே பெருகியிருக்கின்றன, பாருங்கள்," என்று பென்சிலால் மூன்று புள்ளிகளைச் சுற்றிக் காட்டினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். அந்தத் தேதிகள் எனக்குத் தெரியும். அப்பா அந்தக் கட்டத்தில் வேறு என்ன எழுதியிருப்பார் என்றும் தெரியும். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி, மானம் போகாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத பூனைகளைக் குறிப்பெடுத்தேன்.

இப்போது அதே துறையில் எனக்கு வேலை. பிப்ரவரி ஒன்றாம் தேதி சேர வேண்டும். பனியில் தடம் பார்த்துப் பூனை எண்ணுகிற வேலை. நான் எண்ணுவதை வைத்து எந்தக் கரையைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்வார்கள்.

"நாலு வருஷம் உன்னப் படிக்க வெச்சது எது?" என்றார் அப்பா. கத்தவில்லை. "தோலுதான? அப்பல்லாம் இந்தக் கையெழுத்து நாறலயா?"

"தெரியும்ப்பா. அதான் மூணு தடவ வாயத் தொறக்காமப் போட்டேன்."

"நாலாவதையும் போடு. முடிஞ்சுது. அடுத்த வருஷம் கேக்க மாட்டேன்."

"போட மாட்டேன். அந்த மூணையும் போய்ச் சொல்லப் போறேன்."

சித்தப்பா சுரண்டுவதை நிறுத்தினார். "யாருகிட்ட?"

"ஆபீஸ்ல."

"வேல குடுக்கப் போற அதே ஆபீஸ்லயா?"

"அதேதான்."

"அடி லூசு. அவங்க வேலையும் குடுக்க மாட்டாங்க, ஒரு டம்ளர் தண்ணியும் குடுக்க மாட்டாங்க."

"இந்தப் பூனையப் பத்தி நான் பேச மாட்டேன்," என்று அப்பாவிடம் சொன்னேன். "இது உன்னுது. ஃபோன் பண்றதும் பண்ணாததும் உன் இஷ்டம். அந்த மூணு என் பேர்ல இருக்கு. எங்க புடிச்சேன்னு கேப்பாங்க, தெரியாதுன்னு சொல்வேன்."

"யாரு பொறின்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

அப்பா கத்தியை மேசையில் வைத்தார், எடுத்தார், இன்னொரு இடத்தில் வைத்தார். "ரெண்டு நாள் யோசி. அம்மாகிட்ட பேசு."

"காலைல நீ பொறி வரிசையப் பாக்கப் போனப்பவே ஃபோன் பண்ணிட்டேன். இன்னிக்கே பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அப்பா முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புருவத்தில் உருகிய பனி மூக்கோரம் வழிந்துகொண்டிருந்தது.

"அப்பறம் எதுக்குடி என்கிட்ட எடம் கேட்ட?"

ஒரு தடவையாவது சொல்வாரா என்று பார்த்தேன், அவ்வளவுதான். மூன்றாம் மனுஷியிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், என்னிடம். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கும் வரவில்லை. இந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

கதவைத் திறந்ததும் கொட்டகைச் சூடு வெள்ளைப் புகையாக என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே ஓடியது. மூக்குக்குள் மயிர் விறைத்தது.

"கதவ ஒழுங்காச் சாத்திட்டுப் போ," என்றார் அப்பா உள்ளேயிருந்து. "தோலு ஈரமா இருக்கு."

அது சும்மா சாத்தினால் சாத்தாது. கொண்டியைத் தூக்கிப் பிடித்து, அடியில் காலால் ஒரு உதை விட வேண்டும். தூக்கினேன், உதைத்தேன். கூரைமேலிருந்து ஒரு பாளம் பனி சரிந்து கழுத்துக்குள் இறங்கியது. தட்டிவிடாமல் வண்டியை நோக்கி நடந்தேன்.