மைக்கில் வராத பேர்

அந்த ஸ்டேஷனில் தலைநகரத்துக்கு மூன்று மொழியில் மூன்று பெயர்கள். ஒரே பெண்ணை ஒருத்தி அக்கா என்பாள், ஒருத்தி அண்ணி என்பாள், இன்னொருத்தி சித்தி என்பாள். அதுபோலத்தான். பல வருஷமாக மைக்கில் சொல்லிச் சொல்லி அறிவிப்பாளரான அவளுக்கு மூன்றும் நாக்கில் ஊறிப்போயிருந்தன.

அன்று காலை மேலதிகாரி வந்தார். "இனிமே எந்த மொழியில சொன்னாலும் புதுசா வெச்ச ஒரே பேருதான். பழைய பேரு வாய் தவறியும் வரக்கூடாது." ஊருக்குப் பேர் வைக்கிறவர்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருந்தால்தானே!

மத்தியானம் அத்தான் போன் செய்தார். தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறதாம். "ராத்திரி தாண்டாதுங்கறாங்க. மாமாவையாவது அனுப்பி வை. அப்பா அப்பான்னே சொல்லிக்கிட்டிருக்கா."

மைக்கில் அவளுக்குப் பதில் உட்கார ஆள் இல்லை, அவளால் போக முடியாது. அப்பாவை வரவழைத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அவருக்குக் கண் மங்கல், போர்டு தெரியாது. போர்ட்டரிடம் சொல்லி ஏற்றிவிடவா என்றதற்கு, "நான் என்ன பார்சலா?" என்று சீறினார்.

"சரி, என் குரல்ல ஊர் பேரு வந்ததும் எந்திரிங்க. எதிர்ல நிக்கிற வண்டிதான்."

"நீ பேசக் கத்துக்கிட்டதே என்கிட்டதான். உன் குரல் தெரியாதா எனக்கு?"

டிக்கெட்டை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு மாடி அறைக்கு ஓடினாள்.

வண்டி வந்தது. பழைய பேர் தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டாள். மூன்று மொழியிலும் புதுப் பேரையே பிசகாமல் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலதிகாரி தலையாட்டினார். பாவி மகளுக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. வண்டி போய்விட்டது.

தண்ணீர் பிடிக்கக் கீழே வந்தாள். அப்பா பெஞ்சிலேயே இருந்தார், அக்காவுக்கென்று எடுத்த கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு.

"எத்தனையோ வண்டி வந்துச்சும்மா. எந்தெந்த ஊரு பேரோ சொன்னே. நம்ம வண்டி மட்டும் வரல. லேட்டா?"

அடுத்த வண்டி நாளைக் காலையில்தான். ஐயோ, புதுப் பேரை அவர் காதில் போட மறந்து என் வாயாலேயே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கையிலிருந்த போன் அடித்தது. அத்தான்.

"மாப்பிள்ளையா?" என்று அப்பா கையை நீட்டினார். "அக்காகிட்ட குடுக்கச் சொல்லு. அப்பா ஸ்டேஷனுக்கு வந்தாச்சு, வண்டி வந்ததும் ஏறிடுவேன்னு நானே சொல்லிடறேன்."