யலம்லம் வருவதற்குள்

ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் பாக்கர் கீழக்கரையில் ஏறி இறங்காத வாசல் கிடையாது. மக்காவுக்குப் போகிறவர் யாருடைய மனக்குறையையும் சுமந்துகொண்டு போகக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வீடு வீடாகப் போய், "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையைப் பொறுத்துக்கங்க" என்று கேட்க வேண்டும். சங்கு வியாபாரத்தில் முறைத்துக்கொண்டு பிரிந்துபோன பங்காளி வீட்டுக்கும் அவர் போனார். எப்போதோ கோபத்தில் கை நீட்டி அடித்துவிட்ட சந்தியாகு என்ற மீனவரைத் தேடிப் பாம்பனுக்கே ரயிலேறிப் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு வந்தார். ஊர் மெச்சியது.

அவர் கேட்காமல் விட்டது ஒருத்தியிடம்தான். அது அவர் மனைவி லத்தீபா.

பயணத்தன்று காலையில் லத்தீபா அவரிடம் கேட்டாள். "நான் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கங்க."

"உன்கிட்ட என்ன புள்ள பிழை இருக்கு? பொறுத்துக்கிட்டேன், பொறுத்துக்கிட்டேன். பெட்டியக் கட்டியாச்சா பாரு" என்றார். அவரும் திருப்பிக் கேட்பார் என்று அவள் கதவைப் பிடித்தபடி சற்று நின்றாள். அவர் பெட்டிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பம்பாயில் கப்பலேறினார்கள். கீழ்த்தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டால் அதுதான் வீடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் லத்தீபா கணவனோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது இந்தக் கப்பலில்தான். ஊரில் அவர் கடைக்குப் போவார், பள்ளிவாசலுக்குப் போவார், சங்கு ஏலத்துக்குப் போவார். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவளுக்குச் சோறு. இங்கே ஒரே தட்டில் இருவரும் கை நனைத்தார்கள். மீன் துண்டில் முள் எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தார். முதல் நாள் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் அழுகை வந்தது.

காலையில் ஓதுவது, பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் இனிப்பை வெட்டிப் பக்கத்துப் பாய்க்காரர்களுக்குக் கொடுப்பது, மத்தியானத்தில் மேல்தளத்தில் காற்று வாங்குவது என்று பொழுது போயிற்று. பாக்கர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, காற்றின் திசை சொல்லிக்கொண்டிருப்பார். அங்கேயும் அவர் வழக்கத்தை விடவில்லை. வரிசையில் தெரியாமல் இடித்துவிட்டாலும், "பொறுத்துக்கங்க தம்பி" என்பார். தளம் கழுவுகிறவன் வாளியைத் தட்டிவிட்டதற்கு அவன் முன்னே கைகட்டி நின்றார்.

ஊர்க்காரர் காசிம் சிரித்தார். "பாக்கர் காக்கா, கப்பல்ல மிச்சம் யாருமில்ல. அப்படியே எட்டிப் பாத்து மீனுககிட்டயும் கேட்டுருங்க. ஆயுசுக்கும் தின்னுருக்கீகள்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். லத்தீபா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கனி அவர்களுக்கு ஒரே மகள். கொழும்பில் கடை வைத்திருந்தவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதற்குத் தான் ஊருக்கு வர வேண்டுமென்று கனி ஆள் மூலம் சொல்லிவிட்டாள். பாக்கர் யோசித்தார். காற்றுக் காலம், அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டும். "அங்கனயே பெறட்டும். கொழும்புல பெரிய ஆசுபத்திரி இருக்கு. நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று சொல்லி அனுப்பினார். மகளின் நல்லதற்குத்தான் சொன்னார். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் ஒன்றாக இறந்துபோனதாகத் தந்தி வந்தது. லத்தீபா தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறக் காகிதம் கிடைப்பதற்குள் அங்கே கபுரில் மண் இறுகிவிட்டது. மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்காகக் கணவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

யலம்லம் என்ற எல்லையைக் கப்பல் நெருங்கும்போது ஊதுவார்கள். அப்போது எல்லோரும் இஹ்ராம் என்ற ஹஜ் உடை உடுத்தி, மனதில் உறுதி எண்ணி நிய்யத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு சண்டை, சச்சரவு, கடுஞ்சொல் எதுவும் ஆகாது. அதற்குள் அவர் கேட்டுவிட வேண்டுமே என்பதுதான் லத்தீபாவின் துஆவாக இருந்தது. கேட்காமல் போனால், நெஞ்சிலிருக்கும் இந்தக் கசப்போடு கஃபாவின் முன் எப்படி நிற்பாள்? அவர்தான் எப்படி நிற்பார்?

ஏடன் தாண்டிய பிறகு, பக்கத்துப் பாயிலிருந்த கண்ணூர்ப் பெண் நபீசாவுக்குக் காய்ச்சல் கண்டது. சின்ன வயசு. அவள் கணவனும் கடல் மயக்கத்தில் தலை தூக்க முடியாமல் கிடந்தான். பாக்கர் சமையற்கட்டுக்கும் பாய்க்குமாக நடந்தார். ஆடுகிற படிக்கட்டில் வெந்நீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்குவார். கஞ்சி வாங்கி வருவார். டாக்டரைக் கூட்டி வந்தார். லத்தீபா அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக் கஞ்சியை ஊட்டினாள். யலம்லம் வரும் நாள் காலையில் காய்ச்சல் இறங்கி, நபீசா கண் திறந்து, லத்தீபாவைத் தன் தாயாக எண்ணி, "உம்மா" என்று கூப்பிட்டாள்.

அந்த அழைப்பு லத்தீபாவை உலுக்கிவிட்டது. பாக்கர் மறுபடி செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது:

"ஊரான் வீட்டுப் புள்ளைக்கு இந்த ஓட்டம் ஓடுறீகளே. பெத்த புள்ள வாரேன்னு சொன்னப்ப, இதுல ஒரு எட்டு வச்சிருக்கக் கூடாதா?"

பாக்கர் நின்றார். படியேறிப் போனார், வெந்நீர் கொண்டுவந்து நபீசாவின் பக்கத்தில் வைத்தார். பாதி அவர் கையிலேயே சிந்தியிருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு யலம்லம் என்று கப்பலில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆண்கள் குளிக்க வரிசை கட்டினார்கள். பாக்கர் போகவில்லை. சேலைத் திரையை இழுத்துவிட்டு லத்தீபாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சொன்னது தப்பு. வாய் தவறிருச்சு" என்றாள் அவள்.

"தப்பில்ல புள்ள. ஊரெல்லாம் கேட்டேன், உன்கிட்ட மட்டும் ஏன் கேக்கலன்னு நெனச்சிருப்ப."

"நெனச்சேன்."

"பயந்தேன். நீ நல்லவ, கேட்டா உடனே பொறுத்துக்கிட்டேன்னுருவ. அதோட எல்லாம் முடிஞ்சு போகும். அவளுக்காக என் மேல கோபப்பட இந்த துனியாவுல நீ ஒருத்திதான் இருக்க. அந்தக் கோபமும் போயிட்டா, அவ மவுத்தானது சும்மா ஒரு சமாச்சாரமாயிரும்ல?"

லத்தீபா அவரைப் பார்த்தாள். தாடி நரைத்துக் கன்னம் ஒட்டியிருந்தது. தான் மட்டும் சுமப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தாளே!

"அதுக்காக என்னைய நெருப்புல வச்சிருந்தீகளாக்கும்" என்றாள். "கேளுங்க. அவ பேரச் சொல்லிக் கேளுங்க. அவ போனதுலருந்து உங்க வாயால அந்தப் பேரு வரல."

பாக்கரின் உதடு அசைந்தது. திரைக்கு அப்பால் வாளிச் சத்தமும் ஆட்கள் நடக்கும் சத்தமும் கேட்டன.

"கனி" என்றார். பிறகு பெருங்குரலாக உடைந்து, "கனி விஷயத்துல நான் செஞ்ச பிழையைப் பொறுத்துக்க லத்தீபா."

"பொறுத்துக்கிட்டேன்" என்று சொல்வது அவள் நினைத்திருந்ததுபோல அத்தனை லேசாக இல்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெந்நீர் பட்டு அது சிவந்திருந்தது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் எடுத்துத் தடவினாள். தடவிக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்தும் நெஞ்சு வலித்தது. ஆனால் அந்த வலியில் கசப்பு இல்லை. மன்னிப்பு துக்கத்தை எடுத்துப் போவதில்லை. தூக்குவதற்கு இன்னொரு கையைத் தருகிறது, அவ்வளவுதான்.

பாக்கர் குளித்து, தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்தி வந்தார். நிய்யத்து வைக்க இன்னும் நேரமிருந்தது. பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கனியைப் பற்றிப் பேசினார்கள். ஜுரம் வந்தால் வாப்பா கையால்தான் மருந்து குடிப்பேன் என்று அவள் அடம்பிடித்ததை அவர் சொன்னார்.

"மருந்துக்கா? நீங்க பின்னாடி தர்ற கற்கண்டுக்கு" என்றாள் லத்தீபா. "பாதி நாள் அவளுக்கு ஜுரமே இல்ல."

"அப்படியா! எனக்குத் தெரியாதே" என்றார் பாக்கர். சிரிக்கப் போய் அழுதார்.

கப்பல் ஊதியது. தளமெங்கும் 'இதோ வந்தேன் இறைவா' என்னும் லப்பைக் முழக்கம் எழுந்தது. திரைக்குள் இருந்த இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிய்யத்து வைத்து, அந்த முழக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள்.