மில் கிணற்றைச் சொன்னது யார்

எங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதற்கே நாங்கள் பட்ட பாடு போதும், சாமி.

கோவில்பட்டியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு நூல் மில் இருந்தது. தொண்ணூற்றெட்டில் பூட்டினார்கள். சில வருஷம் வேலிக்கருவை மண்டிக் கிடந்த பிறகு, கரிசல் நகர் மேம்பாட்டுக் குழுமம் என்று ஒன்று அந்த இடத்தை வாங்கியது. இங்கே என்ன வரவேண்டும் என்பதைச் சுற்றிக் குடியிருப்பவர்களே சொல்லலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பாக வந்தது. மில்லைப் பூட்டும்போது எங்களை ஒரு நாயும் கேட்கவில்லை.

அந்த மில்லுக்குள், கருவைப் புதருக்கு நடுவில், ஒரு கிணறு உண்டு. எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குழாயில் தண்ணீர் வருவதோ கோயில் கொடைத் திருவிழா மாதிரி, எப்போதாவது. மில் கிணற்றுத் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீர். பின்சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பெண்கள் விடிவதற்கு முன்பே குடத்தோடு நுழைந்துவிடுவார்கள். காவல்காரர் சங்கிலிப்பாண்டியும் எங்கள் தெருக்காரர்தான். அந்த நேரம் பார்த்து அவருக்கு டீ குடிக்கத் தோன்றிவிடும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பிள்ளையார் கோயில் முன்னால் தெருவே கூடியது.

"பூங்கா கேளுங்க, தையல் பள்ளிக்கூடம் கேளுங்க, ரேஷன் கடை கேளுங்க. கிணத்தப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயத் தெறக்கப்பிடாது. நல்ல தண்ணி கெடக்குன்னு தெரிஞ்சா அவிய லாரியக் கொண்டாந்து நிப்பாட்டிருவாவ" என்றார் மளிகைக்கடை சௌந்தரபாண்டியன்.

எல்லோரும் தலையாட்டினோம். புருஷன் போனபின் தனியாக இருக்கும் ஜானகியம்மாளும் ஆட்டினாள்.

கூட்டம் நடத்தக் குழுமம் அனுப்பி வந்தவர் செண்பகராஜ். சென்னையில் படித்த பிள்ளை. போட்டிருந்த நாற்காலியை ஒதுக்கிவிட்டு எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து, மில்லைத் தரையில் வரையச் சொன்னார். கேட் வந்தது, புகைபோக்கி வந்தது, பஞ்சு குடோன் வந்தது. கிணறு இருந்த இடத்தில் வனிதா பெரிதாக ஒரு வேப்பமரத்தை வரைந்தாள். "அருமையான நிழல்" என்றார் செண்பகராஜ். சிரிப்பை அடக்கப் பெண்கள் பட்ட பாடு! அன்றைக்கு எங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு படித்த மனுஷன் நாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறான் என்றால் சும்மாவா?

கூட்டம் முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பேசினார். மத்தியான வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஜானகியம்மாள் வீட்டில் நுழைந்தார். அங்கே நடந்தது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

எங்கள் வீடுகளில் இரண்டு பானை இருக்கும். ஒன்றில் புழங்குகிற உப்புத் தண்ணீர், ஒன்றில் குடிக்கிற நல்ல தண்ணீர். வாசலேறி வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சே. பகையாளி வந்தாலும் அப்படித்தான். ஜானகியம்மாளின் கை பழக்கத்தில் நல்ல தண்ணீர்ப் பானைக்குப் போய்விட்டது.

அண்ணாந்து குடித்தவர் பாதியில் நிறுத்தினார். "அம்மா, ஊர் பூரா உப்பா இருக்கு. இது எங்கே பிடிச்சது?"

"குடிங்க தம்பி. தண்ணியில என்ன இருக்கு."

"இல்லம்மா, சொல்லுங்க."

"மில்லு கிணத்துத் தண்ணி. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீய."

"இதைப் போய் ஏம்மா மறைக்கிறீங்க? இந்தக் கிணறு உங்க தெருவுக்கே கிடைக்கிற மாதிரி நான் பண்றேன்."

மனசாரத்தான் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். நல்லவராகப் போனதுதான் எங்கள் கெட்ட நேரம். அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்த குழுமத்துக்காரர்களுக்குப் பூங்கா கண்ணில் படவில்லை, தையல் பள்ளிக்கூடம் கண்ணில் படவில்லை. கிணறு மட்டும் பட்டது.

முதல் வேலையாகச் சுவர் ஓட்டையை அடைத்தார்கள். சங்கிலிப்பாண்டியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கிணற்றின் மேல் தகரக் கொட்டகை எழும்பியது. குடிநீர் ஆலையாம். எங்கள் தண்ணீரைக் கேனில் அடைத்து எங்களுக்கே விற்கப் போகிறார்களாம்.

தெரு கொதித்தது. சொன்னது யார்? குழுமத்து ஆட்களோடு தினமும் பேசிக்கொண்டிருந்தவர் ஒருத்தர்தான். சங்கிலிப்பாண்டிதான் கிணற்றைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். காட்டிக்கொடுத்தவனுக்கு வேலை ஏன் போகவேண்டும் என்று யோசிக்க யாருக்கும் பொறுமையில்லை. சங்கிலிப்பாண்டியின் மனைவி பத்திரகாளிக்குச் சௌந்தரபாண்டியன் கடையில் சரக்கு இல்லை என்றார்கள். அவர்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பது நின்றது.

சங்கிலிப்பாண்டி பிள்ளையார் முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "நான் சொல்லியிருந்தா என் வம்சம் வெளங்காது" என்றார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ஜானகியம்மாளும் நின்றாள். "கள்ளச் சத்தியம்" என்றார் ஒருவர். அடுத்த வாரம் சங்கிலிப்பாண்டி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஆலைத் திறப்பு விழாவுக்குத் தெருவையே அழைத்திருந்தார்கள். செண்பகராஜ்தான் மைக் பிடித்தார். தெருவுக்கென்று ஒரு குழாயாவது விடச் சொல்லி அவர் குழுமத்தோடு சண்டை போட்டதாகக் கேள்வி. வாசலில் ஒரு குழாயும் இருந்தது. திருகிப் பார்த்தோம், காற்றுதான் வந்தது.

"மக்கள் பங்களிப்புன்னா என்னன்னு இந்தத் தெருவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும். இப்படி ஒரு கிணறு இருக்குன்னு எனக்குச் சொல்லி, தன் கையாலேயே தண்ணியும் கொடுத்த ஜானகியம்மாளை மேடைக்கு அழைக்கிறேன்."

பெண்கள் எல்லோரும் ஜானகியம்மாள் பக்கம் திரும்பினார்கள். ஜானகியம்மாள் எழுந்திருக்கவில்லை. அவரே இறங்கி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டியவர்கள் எல்லாம் குழுமத்து ஆட்கள்.

பத்திரகாளி எழுந்து நடந்தாள். மேடைப்படி ஏறி ஜானகியம்மாளுக்கு எதிரில் போய் நின்றாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தோம். சத்தமே போடவில்லை.

"சூடம் அணைச்சாரே, மதினி. கை பொத்துப் போயிட்டு. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?"

"பயந்துட்டேன்டி. என்னையும் இப்படித்தான ஒதுக்கி வச்சிருப்பாவ."

"அவரு பயப்படலங்கீயளா?"

ஜானகியம்மாள் அழ ஆரம்பித்தாள். அவள் ஆனந்தத்தில் அழுகிறாள் என்று செண்பகராஜ் நினைத்துக்கொண்டார். பத்திரகாளியைப் பார்த்துச் சிரித்தபடி, "நீங்களும் பக்கத்துல நில்லுங்கம்மா. ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.