வெறும் ஏணை

பட்டைக் கொட்டகையின் கோடி விட்டத்தில் யாரும் ஏணை கட்டுவதில்லை. மற்ற விட்டங்களில் பழஞ்சேலைகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை தூங்கும். கீழே அவற்றின் தாய்மார்கள் தோல் பதனிடும் தொட்டிகளுக்காக ஆவாரம்பட்டையை உலக்கையால் இடிப்பார்கள். ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி இருந்த அந்தத் தோல் ஷாப்பில் உலக்கைச் சத்தம் காதை அடைக்கும். ஆனாலும் ஒரு பிள்ளையும் கண் விழிக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கடுகளவு அபினைப் பாலில் குழைத்து, பிள்ளையின் நாக்கில் தடவிவிட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். அதற்கு அங்கே பெயர் மருந்து.

இரண்டு வருஷம் கழித்து அன்றுதான் கெங்கம்மாள் மறுபடி வேலைக்கு வந்திருந்தாள், இடுப்பில் கைக்குழந்தை பட்டுவோடு. வந்ததும் அவள் கண் கோடி விட்டத்துக்குத்தான் போயிற்று.

அங்கேதான் அவளுடைய தலைச்சன் பிள்ளை காசி தூங்கியபடியே போய்ச் சேர்ந்தான். காலையில் கெங்கம்மாள் மருந்து வைத்திருந்தாள். அவள் வைக்க மறந்துவிட்டாள் என்று எண்ணி, பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த சவுரியம்மாள், பிள்ளை சிணுங்குவதைக் கேட்டு, தோழிக்கு மேஸ்திரியிடம் திட்டு விழக் கூடாதே என்று தன் முந்தானை முடிச்சிலிருந்து இன்னும் கொஞ்சம் தடவிவிட்டாள். சாயங்காலம் ஏணையை இறக்கியபோது பிள்ளை சில்லிட்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை. அன்றிலிருந்து சவுரியம்மாள் மட்டும் எந்தப் பிள்ளையையும் தொடுவதில்லை.

கெங்கம்மாள் உலக்கையை எடுத்தாள். இரண்டு இடிக்கு நடுவில் மேலே கயிறு உரசும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். கோடி விட்டத்தில் ஒன்றுமே இல்லை.

பட்டு அழத் தொடங்கியது. மேஸ்திரி கோதண்டராமன் வந்து நின்றார்.

"இன்னாம்மா கெங்கா, மருந்து வெக்கலியா?"

"வெக்க மாட்டேன் மேஸ்திரி."

"எல்லாரும் வெக்கிறாங்க, நீ மட்டும் மகாராணியா? மொதலாளி ரூமு வரைக்கும் கேக்குது. ஒரே பேஜாரா கீது."

"அந்த உப்பு ரூமு சும்மாதானே கெடக்குது? புள்ளைங்கள அங்க போட்டுட்டு, ஒருத்திய பாத்துக்கச் சொன்னா..."

"உலக்கை புடிக்கிற ஆளை உக்கார வெச்சு கூலி குடுக்கணுமா? நல்லாகீது. அப்படியே புள்ளைங்களுக்கு வெத்தலை பாக்கும் வெச்சுடலாம்." பெண்கள் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு அழாத புள்ளையா கொண்டா. இல்லாட்டி நீயும் வராதே."

வராமல் இருக்க முடியாது. கணவன் கன்னியப்பன் ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் கால் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அடுப்பு எரிய அவள் கூலிதான் வழி.

மறுநாள் விடிந்ததும் அபினைக் குழைத்தாள். பட்டு சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தது. விரல் நாக்குக்கு அருகில் போனபோது அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. விட்டமே இல்லாத அந்தக் குடிசைக்குள், கயிறு உரசியது.

கெங்கம்மாள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பெட்டியின் அடியிலிருந்து காசியின் ஏணைச் சேலையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது கோடி விட்டத்தில் அந்தச் சேலை தொங்கியது. பட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கெங்கம்மாள் வெறும் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஆளில்லாத ஏணையை ஆட்டினால் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று நம்பியவர்கள் அவர்கள். இதுவோ செத்த பிள்ளையின் ஏணை.

"அடிப்பாவி, நிறுத்துடி," என்றாள் முனியம்மா, தன் பிள்ளையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு. "எங்க புள்ளைங்க உனக்கு இன்னா பண்ணுச்சி?"

"என் புள்ள மட்டும் இன்னா பண்ணுச்சி? உள்ள வந்து உன் புள்ளைய இதுல போடு முனிம்மா. நிறுத்திர்றேன்."

முனியம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. யாருமே தாண்டவில்லை. மேஸ்திரி கத்தினார், கெஞ்சினார், பிறகு அவரும் உள்ளே போகாமல் வாசலில் நின்றார். வெயில் ஏறியது. தொட்டிகளில் தோல் பட்டைக்குக் காத்துக் கிடந்தது. உலக்கைச் சத்தம் இல்லாததால் பட்டுவின் அழுகை ஷாப்பு முழுக்கக் கேட்டது.

முதலாளி அப்துல் வஹாப் சாயபு எழுந்து வந்தார்.

"இன்னா நடக்குது?"

"சூனியம் வெக்கிறா மொதலாளி," என்றார் மேஸ்திரி.

கெங்கம்மாள் ஏணையிலிருந்து கையை எடுத்தாள். "சூனியம் இல்லீங்க சாயபு. அழாத புள்ளையா கொண்டான்னு மேஸ்திரி சொன்னாரு. கொண்டாந்துட்டேன். இவன் அழவே மாட்டான்."

சாயபு விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். அவள் கையை எடுத்து வெகு நேரமாகியும் ஏணை ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்லை. வெயிலில் காய்ந்த தோல்கள்கூட அசையவில்லை. காசியை இறக்கிய அன்று தானே கொடுத்தனுப்பிய வெள்ளைத் துணி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"உப்பு ரூமைக் கழுவி விடு," என்றார் மேஸ்திரியிடம். "ஒரு ஆளை வெச்சுக்க. கூலி நான் தர்றேன். இனிமே அபின் வெச்ச புள்ள ஷாப்புக்குள்ள வரக் கூடாது."

"யாரை வெக்கிறது மொதலாளி?"

கெங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். கூட்டத்தின் கடைசியில், கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள் சவுரியம்மாள்.

"நான் வேணாண்டி கெங்கா. என் கை..."

"உன் கைதான்க்கா வேணும். புள்ள அழுதா இன்னா பண்ணக் கூடாதுன்னு உன்னவிட யாருக்குத் தெரியும்?"

சவுரியம்மாள் கையை நீட்டவில்லை. கெங்கம்மாள் அந்த முந்தானையை மெல்ல விலக்கி, அழுகிற பட்டுவை அவள் கைகளில் வைத்தாள். அந்தக் கைகள் பிள்ளையை வாங்கிக்கொண்டன. விடவில்லை.

அதற்குப் பிறகு உப்பு ரூமிலிருந்து பகலெல்லாம் அழுகையும் சிரிப்பும் கேட்டது. மேஸ்திரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாடினார். காசியின் ஏணையை இறக்கச் சொல்லி அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கெங்கம்மாள் இறக்கவில்லை, வேறு யாரும் அதன் கிட்டேயே போகவில்லை.

எப்போதாவது உப்பு ரூமில் எல்லாப் பிள்ளைகளும் ஒருசேர அடங்கிவிடும். அப்போது கோடி விட்டத்தில் கயிறு உரசத் தொடங்கும். பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பார்கள். சவுரியம்மாள் ஒவ்வொரு பிள்ளையின் மூக்கருகிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கிருந்தாவது பட்டு வீறிட்டு அழும்.

உடனே ஏணை நின்றுவிடும்.