மஞ்சள் நாடா கட்டிய மரம்

கெட்டில் ஊற்று என்ற இடத்தில் வெயில் எப்படி என்றால், ஒரு நாள் பல்லி ஒன்று வந்து ஹார்லனிடம் தொப்பி இரவல் கேட்டது. கொடுத்தார். இன்னும் திரும்பி வரவில்லை. அதனால்தான் வெறுந்தலையோடு வேலை செய்வதாக, நெவாடாப் பாலைவனத்துக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களிடம் அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொல்லுவார்.

வேலை இதுதான். ஊற்று கிளம்புவது மேல் குளத்தில். அங்கிருந்து ஒரு வாய்க்கால் கீழ்க் குளத்துக்கு இறங்குகிறது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத நீல நிற நாய்க்குட்டி மீன் அந்தக் கீழ்க் குளத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் மேல் குளமும் அவற்றுடையதுதான். எங்கிருந்தோ வந்த உப்புச் சவுக்கு என்ற மரம் கரையெல்லாம் முளைத்துத் தண்ணீரைக் குடித்ததில், வாய்க்கால் நடுவில் வற்றி மீன் மேலே ஏறும் வழி அடைபட்டுப்போனது. அதனால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆட்கள் கூடிச் சவுக்கை வெட்டி, மறுபடி துளிர்க்காமல் அடியில் மருந்து பூசுவார்கள். மஞ்சள் நாடா கட்டிய மரத்தை மட்டும் தொடக் கூடாது. அதில் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

வேலை முடிகிற அன்று மீன் எண்ணுவார்கள். இந்தக் கரையில் ஒருவர், எதிர்க்கரையில் ஒருவர். வாயைத் திறக்காமல் எண்ணிவிட்டு ஒரே சமயத்தில் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். மேல் குளம் எப்போதும் ஹார்லனுக்கும் நோரீனுக்கும்தான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நோரீன், ஆரெகன் கடற்கரையிலிருந்து இதற்காகவே வருகிறவள். மீனே இல்லாத குளத்தை இருவரும் குனிந்து வெகுநேரம் பார்ப்பார்கள். பிறகு நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்து, ஒரே குரலில், "ஒண்ணுமில்ல!" என்பார்கள். வருடம் முழுக்க ஹார்லன் காதில் விழுகிற பேச்சிலேயே இனிமையானது அதுதான்.

அப்புறம் வாய்க்கால் ஓரத்துப் பெரிய சவுக்கின் நிழலில் காபி. கடைசியாக வந்தபோது கோப்பையை ஊதிக்கொண்டே நோரீன் சொன்னாள்.

"முழங்கால் ரெண்டும் ராஜினாமா குடுத்துடுச்சு, ஹார்லன். ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு இவ்ளோ தூரம் இனிமே முடியாது. மேல மீன் ஏறுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லு. தவழ்ந்தாவது வரேன்."

"ஏறிடும். போன வாரமே ஒண்ணு வந்து வாடகை என்னன்னு விசாரிச்சுட்டுப் போச்சு."

"புளுகு மூட்டை. காபியக் குடி."

அடுத்த இலையுதிர் காலத்தில் அவள் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை.

ஹார்லன் பேய் பிடித்தவர்போல் சவுக்கு வெட்டினார். காபி குடித்த அந்த ஒரு மரத்தைத் தவிர. நோரீன் வந்துகொண்டிருந்த காலம்போலவே, மற்றவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே போய் அதில் மஞ்சள் நாடா கட்டிவிடுவார்.

குழுத் தலைவி மரிசோல் ஒரு நாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்.

"இதுல என்ன பறவை?"

"ரொம்பக் கூச்சப்படும், அம்மணி. யாராவது பாத்தா மரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கும்."

"கூடு?"

"போகும்போது கையோட எடுத்துட்டுப் போயிடும்."

மரிசோல் சிரிக்கவில்லை. வாய்க்காலைக் காட்டினாள். "மேலேருந்து வர்ற தண்ணி இந்த மரம் வரைக்கும் வருது. அதுக்கு அப்புறம் வெறும் புழுதி. உங்க பறவைக்குத் தாகம் ஜாஸ்தி போல. நான் கை வைக்க மாட்டேன். கட்டினவங்கதான் நாடாவ அவுக்கணும்."

அவள் போன பிறகு ஹார்லன் நிழலில் உட்கார்ந்திருந்தார். நோரீன் முதுகு சாய்த்துச் சாய்த்து மரத்தில் ஒரு பக்கம் பட்டை வழவழத்திருந்தது. அவள் வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்றுதான் இதைக் காத்து வந்தார். இதுவோ மீனின் வழியைக் குடித்து, அவள் வழியையும் சேர்த்தே குடித்துக்கொண்டிருந்தது.

நாடாவை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரம்பத்தை எடுத்தார். மரம் அழுதது, ரம்பம் மயங்கி விழுந்தது என்றெல்லாம் அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஒன்றுக்கு அவர் கதை கட்டவே இல்லை.

குளிர்காலத்தில் புழுதி கறுத்து ஈரமானது. வசந்தம் வந்தபோது அதில் தண்ணீர் நூல்போல ஓடியது. ஒரு நாள் காலை மேல் குளத்தில் நீலமாக ஏதோ மின்னி, இன்னொன்றைத் துரத்தியது. ஹார்லன் சட்டென்று நிமிர்ந்து எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே கல்லும் வெயிலும்தான் இருந்தன.

"நான் அந்தப் பக்கம் நிக்கட்டுமா? ரெண்டு பேர் சொன்னாத்தானே கணக்கு?" என்றாள் கூட வந்திருந்த மரிசோல்.

"வேணாம் அம்மணி. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாச்சு."

மேட்டில் ஏறி நின்று நோரீனுக்குப் போன் செய்தார்.

"மீன் ஏறிடுச்சு."

"தொப்பி போட்டிருக்கா?"

"இல்ல. தொப்பி பல்லிகிட்ட இருக்கு."

"போன வருஷம் மீன் சைக்கிள்ல வந்துச்சுன்னு சொன்ன. அதுக்கு முன்னாடி ரயில்ல. நான் பெட்டியெல்லாம் கட்டிட்டேன், தெரியுமா? அப்புறம்தான் யோசிச்சேன், அந்தப் பக்கம் ரயிலே கிடையாதேன்னு."

அவள் பெட்டி கட்டிய விஷயம் ஹார்லனுக்குத் தெரியாது. நாக்கு நுனிவரை வந்திருந்த அடுத்த புளுகை விழுங்கிக்கொண்டார்.

"நம்ம மரத்த வெட்டிட்டேன், நோரீன்."

மறுமுனையில் அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அதுல நாடா இருந்துச்சே," என்றாள்.

"பறவை எதுவும் இல்ல."

"தெரியும். நாடாவுல இருந்தது உன் ஷூ கயித்து முடிச்சு. மொத வருஷமே பாத்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நிஜமாவே வந்துடுச்சா? நீலமா?"

"நீலம்."

"மரம் இல்லாம நான் எங்கடா உக்கார்றது?"

ஹார்லன் வெட்டிய மரம் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"முழங்காலக் கேட்டுப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அன்று மாலை ஹார்லன் வெட்டிய மரத்தில் வழவழப்பான பக்கமாக ஒரு துண்டு அறுத்து, எதிர்க்கரைக்கு உருட்டிக்கொண்டுபோய் நிமிர்த்தி வைத்தார். இப்போதெல்லாம் காலையில் இரண்டு கோப்பைக் காபியோடு வந்து தம் கரையில் நிற்கிறார். குனிந்து எண்ணுகிறார். எத்தனை என்று மரிசோல் கேட்டால் உதட்டைப் பூட்டிக்காட்டுகிறார். அதைத் தனியாகச் சொல்லக் கூடாதல்லவா.

எதிர்க்கரை மரத்துண்டு வெயிலில் சுடாமலிருக்க, புதிதாக வாங்கிய தொப்பியை அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். பல்லி அவ்வப்போது வந்து பார்க்கிறது. இன்னும் கேட்கவில்லை.