அம்மாவின் வலது கால்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அதுவும் எதில்? செல்லோவில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால், "உள்ள என்ன, பொணமா?" என்று கேட்காத ஆள் இல்லை. காலிடுக்கில் வைத்து வாசிக்கிற பெரிய வயலின் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

செல்லோவின் அடியில் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தரையோ வழவழ. பன்னிரண்டு வயதில் முதல் பாடத்தை வாசித்தபோது செல்லோ சறுக்கிப்போய் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தது. அன்றிலிருந்து அம்மா எதிரே உட்கார்ந்து, தைக்கக் கொடுத்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்தபடியே வலது காலால் கம்பிக்கு அணை கொடுத்தாள். பத்து வருடம். கல்லூரியில் கம்பளம் இருந்தது, தப்பித்தேன். கம்பிக்கு முட்டுக்கொடுக்கக் கடையில் ஒரு சாமான் விற்கிறது என்று ஒரு ஜென்மமும் எனக்குச் சொல்லவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் பிறக்கும்போதே தெரியும் போல.

நகரத்து இசைக்குழுவில் செல்லோவுக்கு ஒரே ஓர் இடம் காலி. தேர்வில் நடுவர்கள் திரைக்கு அந்தப்பக்கம். வாசிப்பது யாரென்று தெரியக்கூடாதாம், பேசவும் கூடாதாம். நான் எண் பதினான்கு. உள்ளே போனால் பளிங்குத் தரை! வில்லின் முதல் இழுப்பிலேயே கம்பி சறுக்கித் திரைக்கடியில் எட்டிப் பார்த்தது.

வெளியே காத்திருந்த அம்மாவைத் தரதரவென்று இழுத்து வந்தேன். உட்கார்ந்தாள், காலை வைத்தாள், ஊசியையும் எடுத்தாள். வாசித்தேன்.

"முதுக நிமித்துடி! மூட்டையாட்டம் ஒக்காந்திருக்க!"

திரைக்குப் பின்னால் இருமல். "பதினாலு, உங்ககூட யாரு?"

"நான் காலு மட்டுந்தாங்க," என்றாள் அம்மா. "நீங்க பாட்டக் கேளுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க தரை வழுக்குது. அதுக்கு நான் என்ன பண்ண? வெளிய போன்னா போறேன். வாசிச்சு முடிச்சுட்டுத்தான் போவேன்!"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "சரி, முடிங்க."

முடித்தேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்த சத்தம் மட்டும் கேட்டது.

பத்து நாளில் கடிதம் வந்தது. இடம் எனக்குத்தான்! கூடவே ஒரு பொட்டலம்: நடுவில் குழி வைத்த ரப்பர் வட்டு. கம்பியை அதில் ஊன்றினேன். செல்லோ அசையவில்லை.

அம்மா குனிந்து பார்த்தாள். "பத்து வருசமா நான் பாத்த வேலைய இந்த ரப்பர் துண்டா பாக்குது?"

"ஆமாம்மா."

"முதுக நிமித்தச் சொல்லுமா?"

"சொல்லாது."

தையல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒத்திகை எத்தன மணிக்கு?"